மருந்தில்லாத ஊசி



"இந்த ஊசிக்குள்ளே மருந்தே இல்லைங்களே, ஐயா!" பிசியோதெரபி பிரிவில் ஒரு நெசவாளர் எங்களிடம் இப்படிச் சொன்னார். நாகல் நகரில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்கிற குடும்பம் அவருடையது. வலது தோளின் முன்புறத்திலிருந்து கைவரை வலி. நாடாக் கயிற்றை இழுக்க முடியவில்லை. சேலை முடிந்தால்தான் கூலி. ஆகவே மாதக்கணக்காகக் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கியிருந்தார். வயிறு புண்ணானதே தவிர வலி போகவில்லை. பலரும் இதே சந்தேகத்தோடு வருவதால், இச்சிகிச்சையைக் குறித்து இம்முறை சிறிது படிப்போம்.

வலி ஓரிடம், வேர் ஓரிடம்

நெடுநேரம் ஒரே நிலையில் உழைக்கிற தசையில் சில இழைகள் இறுகி, விரலுக்குத் தட்டுப்படும் கயிறுபோல் ஆகிவிடுகின்றன. அதில் அழுத்தினால் மிகவும் நோகிற ஒரு முடிச்சு இருக்கும். அது தன் வலியை வேறிடத்திற்கு அனுப்பும். தோள்பட்டை எலும்பின்மேல் படர்ந்த பின்புறத் தசையில் முடிச்சு விழுந்தால், தோளின் முன்புறமும் கையும் வலிக்கும். பிடரித் தசையின் முடிச்சு, நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியும். நம் நெசவாளர் முன்தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முடிச்சோ முதுகுப்பக்கம் இருந்தது.

ஊசி செய்வது என்ன?

இதற்கு 'டிரை நீட்லிங்' என்று பெயர். ஊசியின் பருமன் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், மருந்தேற்றும் சாதாரண ஊசியில் பாதிகூட இல்லை. பயிற்சி பெற்றவர் முடிச்சை விரலால் கண்டுபிடித்து அதற்குள் செலுத்துவார். தசை ஒரு கணம் துள்ளி, பின்பு தளரும். ஓரிரு நாள் அடிபட்டதுபோல் நோவு இருக்கலாம். அக்குபங்சரிலும் இதே போன்ற ஊசிதான். ஆனால் அது சீன மருத்துவத்தின் சக்திப் பாதைகளைப் பின்பற்றுகிறது. இதுவோ தசையின் அமைப்பைப் பின்பற்றுகிறது.

இத்துறையின் முன்னோடி அமெரிக்காவின் டாக்டர் ஜேனட் டிராவல். அவர் முடிச்சுகளில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றிவந்தார். 1979இல் செக்கோஸ்லோவாக்கியாவின் டாக்டர் கரெல் லெவிட், 241 நோயாளிகளுக்கு வெறும் ஊசியைப் பயன்படுத்திக் கண்டதை வெளியிட்டார். சரியான புள்ளியில் குத்தியபோது நூற்றுக்கு 87 பங்கு உடனே வலி தணிந்தது. ஆனால் பின்தொடர்ந்து பார்த்த 288 வலியிடங்களில் நிரந்தரச் சுகம் கிடைத்தது 92இல் மட்டுமே. மற்றவற்றுள் பலவற்றில் சில மாதங்களிலோ, வாரங்களிலோ, நாட்களிலோ வலி திரும்பிற்று. இன்றைய ஆய்வுகளும் குறுகிய காலப் பலனையே அதிகம் காட்டுகின்றன.

நாம் கற்கவேண்டியது

ஊசி முடிச்சை அவிழ்க்கிறது. மறுபடி முடிச்சு விழாமல் காப்பது நம் பொறுப்பு. டிராவல் அம்மையார் ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு ஊசியோடு நிற்கவில்லை. உட்காரும் நாற்காலியையே மாற்றி, ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். நம் நெசவாளருக்கும் அப்படியே. தறிக்குழியில் அவர் உட்காரும் பலகையை உயர்த்தச் சொன்னோம். இடையிடையே எழுந்து நடக்கவும், தோள் பயிற்சி செய்யவும் பழக்கினோம். அவர் மீண்டும் தறியில் உட்கார்ந்தார். வலி முழுதும் ஒழிந்தது என்று சொல்லமாட்டோம். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

எச்சரிக்கை

இது எல்லா வலிக்கும் ஏற்றதல்ல. தேய்ந்த மூட்டை இது புதுப்பிக்காது. சுற்றியுள்ள தசையின் வலியைச் சற்றுக் குறைக்கலாம். மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கைகால் பலமிழந்தாலோ முதலில் மருத்துவரைக் காணவேண்டும். வியர்வையோடு நெஞ்சிலும் இடது கையிலும் வலித்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்னதாகவே சொல்லவேண்டும். தோள், மார்பு அருகே தவறிக் குத்தினால் ஊசி நுரையீரலைத் துளைக்கக்கூடும். ஆகவே பயிற்சியில்லாதவரிடம் போகாதீர்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொருவருக்குப் பயன்படுத்தலாகாது.

பிரியமானவர்களே, இந்த ஊசியின் விலை சொற்பம். முடிச்சைத் தேடும் விரலுக்குத்தான் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். நோயாளியின் பேச்சைக் கேட்கப் பொறுமையும் வேண்டும். உங்கள் காணிக்கை அந்த நேரத்தையும் பயிற்சியையுமே தாங்குகிறது. தறிக்குழியில் உட்காருகிறவர்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.