வீடு தேடி வந்த வகுப்பறை

கழக்கூட்டத்தை அடுத்த தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உள்ளது. அம்மையம் வடிவமைத்த ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தி, 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் என்னும் கல்விச் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதன் துணையோடு கேரள அரசின் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. 2005 ஜூலை 28 அன்று அதனைத் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். இளமையில் தும்பாவில் பணியாற்றிய தமிழர் அவர்.

அதன் அருமையை நாடு உணர்ந்தது பெருந்தொற்றுக் காலத்தில்தான். பள்ளிகள் மூடிக் கிடக்க, 2020 ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. பள்ளி மணி வீட்டுக் கூடத்தில் ஒலித்தது! தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் கூடிப் பயின்றனர். அவற்றுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்தோர் பலர்.

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் உள்ளனர். அவர்களுக்கும் பாடங்கள் ஆயத்தமாயின. ஆனால், அவை பெரும்பாலும் இணையவழியே வெளியாயின. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் தொலைக்காட்சி இருக்கலாம். செல்லிடப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதோ அரிது. மொழியால் சிறுபான்மையரான பிள்ளைகளுக்கே கடினமான வழி வாய்த்தது.

அருஞ்சொற்பொருள்
ஏவூர்தி – ராக்கெட்
ஆயத்தம் – தயார்
லயன் வீடு – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு

சிந்தித்து எழுதுக
1. தமிழ்வழி மாணவர்க்கு இணையத்தைவிடத் தொலைக்காட்சி ஏன் ஏற்றதாக இருந்திருக்கும்?
2. ஊரடங்கில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு பயின்றனர்? பெற்றோரை வினவி, ஐந்து தொடர்களில் எழுதுக.