பெம்பிகஸ்: தோலின் பிணைப்பு நெகிழும்போது

வாயில் ஆறாத புண்ணுக்காகப் பல மாதங்கள் பல இடங்களில் மருத்துவம் பார்த்துவிட்டு, மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள் தோன்றிய பின்னரே தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலர். அதற்குள் வீட்டில் அதனை அம்மை என்று கருதி, நோயாளிக்குத் தனிப் பாயும் தனித் தட்டும் கொடுத்திருப்பார்கள். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் இந்நோய் தொற்றுநோய் அன்று. கொப்புள நீர் பட்டாலும் பிறருக்குப் பரவாது. தனிப் பாயும் தனித் தட்டும் தேவையில்லை.

கிருமி காரணம் இல்லையெனில் கொப்புளம் எவ்வாறு எழுகிறது? நமது மேல்தோல் அடுக்கடுக்காக அமைந்த செல்களால் ஆனது. அச்செல்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருப்பவை டெஸ்மோசோம் எனப்படும் நுண்ணிய பிணைப்புகள். அப்பிணைப்பில், பக்கத்துச் செல்லை நோக்கிக் கை நீட்டிப் பற்றிக்கொள்ளும் புரதத்தின் பெயர் டெஸ்மோக்ளீன். நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த பி செல்களின் வழியே உருவாகும் ஆன்டிபாடிகள் வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தாக்க வேண்டியவை. பெம்பிகஸ் நோயில் அவை உடலுக்கே உரிய டெஸ்மோக்ளீனை அந்நியப் பொருளாகக் கொண்டு அதன்மேல் படிந்துவிடுகின்றன. பிடி நெகிழ்கிறது; செல்கள் விலகுகின்றன; அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. பிளவு மேல்தோலுக்கு உள்ளேயே நேர்வதால் கொப்புளத்தின் மூடி மிக மெல்லியதாக இருக்கும். சட்டை உரசினாலே உடைந்து பச்சைப் புண்ணாகிவிடும்.

புண் பெரும்பாலும் வாயில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இப்புரதத்தின் வகைகளுள் வாயின் உட்சவ்வு டெஸ்மோக்ளீன் 3 என்பதையே பெரிதும் நம்பியுள்ளது. தோலிலோ 1, 3 ஆகிய இரண்டும் உள்ளன. 3-க்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் இருக்கும்வரை, 1 தோலைத் தாங்கிப் பிடிக்கிறது. 1-க்கும் எதிராக ஆன்டிபாடி உருவானால் உடலெங்கும் கொப்புளம் கிளம்புகிறது. வாய்ப்புண் மட்டும் இருக்கும்போதே நோயைக் கண்டறிவது நல்லது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

குற்றம் ஆன்டிபாடியுடையதே என்பதற்குத் தெளிவான சான்று பச்சிளங் குழந்தைகள். இந்நோயுள்ள தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைவதால், சில குழந்தைகள் கொப்புளத்துடன் பிறக்கின்றன. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில வாரங்களில் குறையக் குறைய, குழந்தையின் தோலும் தானாகவே ஆறிவிடுகிறது.

முதியோரிடம் மிகுந்த அரிப்புடனும் இறுகிய கொப்புளங்களுடனும் வருவது புல்லஸ் பெம்பிகாய்டு என்னும் வேறொரு நோய். அதில் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடைப்பட்ட பிணைப்பே தாக்கப்படுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1953-இல் வால்டர் லீவர் விளக்கினார்.

பரிசோதனைக்குக் கொப்புளத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள நல்ல தோலிலும் ஏன் ஒரு துணுக்கு எடுக்கிறீர்கள் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். உடைந்த இடத்தில் ஆன்டிபாடி சிதைந்துபோயிருக்கலாம். அருகிலுள்ள தோலில் அது செல்களைச் சுற்றி வலைபோல் படிந்திருப்பதை, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்கிறோம். நோயாளிகளின் இரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருப்பதை 1964-இல் பியூட்னரும் ஜோர்டனும் இவ்வகைச் சோதனையால்தான் கண்டறிந்தனர்.

1950-களில் ஸ்டீராய்டு மருந்துகள் வரும்வரை பெம்பிகஸ் பெரும்பாலோரின் உயிரைப் பறித்த நோய். பின்னர் 1980-களில் டில்லியில் பஸ்ரிச்சா குழுவினர், மாதந்தோறும் தொடர்ந்து மூன்று நாள் மருந்தேற்றும் முறையை உருவாக்கினர். இன்று ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து பி செல்களையே அழிக்கிறது. ஆயினும் ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியை அது நீக்குவதில்லை. அவ்வகை ஆன்டிபாடி பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். மருந்தேற்றிப் பத்து நாளாகியும் கொப்புளம் நிற்கவில்லையே என்று மனம் தளர்ந்து சிகிச்சையை விட்டுவிட வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரையை ஒருபோதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நெடுநாள் உட்கொண்டவரின் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென நிறுத்தினால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். இம்மருந்துகள் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் தணிப்பதால், காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணில் சீழ் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே வாருங்கள். தடுப்பூசி எதுவாயினும் எங்களிடம் கேட்ட பின்னரே போட்டுக்கொள்ளவும்.

முதுகுப் புண் விரிப்பில் ஒட்டி, எழும்போது தோல் உரியுமாயின், சுத்தமாகக் கழுவிய இளம் வாழையிலையைப் படுக்கையில் விரித்து நோயாளியைக் கிடத்தலாம். எளிய, செலவில்லாத முறை. இலையை எவ்வாறு பயன்படுத்துவது, எப்போது மாற்றுவது என்பதை வார்டு செவிலியர் செய்து காட்டுவார்.