சாம்பல் கிளி பேசுவது ஏன்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கடம்பூர்

கிளி என்றவுடன் நம் கண் முன் வருவது பச்சை உடலும் சிவந்த மூக்கும்தான். கம்பும் மக்காச்சோளமும் முற்றும் காலத்தில் நம் கரிசல் காட்டில் கூட்டமாக இறங்கி, காவல் இருப்பவரைத் தகர டப்பா தட்ட வைக்கும் அந்தக் கிளியை அறியாதவர் நம் பள்ளியில் எவரும் இரார். ஆனால் கடம்பூரில் எங்கள் வீட்டில் இருப்பது வேறு கிளி. உடல் முழுவதும் சாம்பல் நிறம்; அலகு கறுப்பு; வால் மட்டும் குங்குமச் சிவப்பு. பெயர் முத்து. இதன் இனத்திற்குத் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக் காடுகள். முதன்முதலாகப் பார்ப்பவர்கள், "என்ன, புறா மாதிரி இருக்கிறதே!" என்பார்கள். அது வாய் திறந்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

சாம்பல் கிளி சுமார் 33 சென்டிமீட்டர் நீளமும் 400 கிராம் எடையும் உடையது. நம் ஊர்ப் பச்சைக்கிளி நீளத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் வால். எடையோ 120 கிராம் அளவுதான். சாம்பல் கிளியில் ஆண் எது, பெண் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இறகை ஆய்வுக் கூடத்திற்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முத்து என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்துவதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முத்து எங்களிடம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் இருந்தது. மாமாவுக்கு வடநாட்டிற்கு மாற்றல் வந்தது. மதினி கல்லூரி விடுதிக்குப் போனாள். கிளி கடம்பூருக்கு வந்தது. வந்த முதல் மாதங்களில் மாலை ஐந்து மணி ஆனால் போதும், அத்தையின் குரலை அப்படியே எடுத்து, "ஏட்டி, வந்துட்டியா?" என்று கேட்கும். மதினி பள்ளியிலிருந்து வீடு திரும்பிய நேரம் அது. வாசலில் யாரும் வரமாட்டார்கள். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு, தன் மார்பு இறகுகளை அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடும். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது சீக்கு இல்லை, ஏக்கம்" என்றார்கள். திருநெல்வேலியில் காட்டிய கால்நடை மருத்துவரும் உடலைச் சோதித்துவிட்டு ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

சாம்பல் கிளி தனித்து வாழும் பறவை அன்று. காட்டில் ஆணும் பெண்ணும் நெடுங்காலம் இணை பிரியாமல் வாழும். மாலையில் பெருங்கூட்டமாக உயர்ந்த மரங்களில் வந்து அடையும். இலை அடர்ந்த காட்டில் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. ஆகவே ஓயாமல் குரல் கொடுத்து, "இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கூட்டத்தின் குரலைக் கற்றுக்கொள்வது அதற்குப் பிழைக்கும் வழி. அத்தகைய பறவையை ஒரு வீட்டில் தனியாக வைத்தால், அந்த வீட்டு மனிதர்களே அதன் கூட்டம். அவர்கள் போடும் சத்தமே அது கற்க வேண்டிய மொழி. காட்டில் இருக்கும் கிளி எதுவும் "அக்கா" என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவை அதற்கு இல்லை. கிளி நம்மோடு பேசுகிறது என்றால், பேசுவதற்கு அதற்கு வேறு யாரும் இல்லை என்று பொருள். இது புரிந்த நாளிலிருந்து முத்துவின் பேச்சை நாங்கள் வேடிக்கையாக மட்டும் கேட்பதில்லை.

வேடிக்கையும் இல்லாமல் இல்லை. எங்கள் வீடு நிலையத்திற்கு அருகில் உள்ளது. ரயிலின் ஊதல் ஒலி கேட்டவுடன் முத்து, "போளி! போளி!" என்று கூவத் தொடங்கிவிடும். கடம்பூர்க் கிளி அல்லவா! (ஆனால் போளியை அதற்குக் கொடுப்பதில்லை. சர்க்கரையும் நெய்யும் அதற்கு ஆகா.)

பொருள் தெரிந்து பேசுகிறதா, வெறும் எதிரொலியா என்று எல்லாரும் எங்களைக் கேட்கிறார்கள். இதை அறிவியல் முறைப்படி ஆராய்ந்தவர் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்கப் பெண்மணி. வேதியியல் படித்து முனைவர் பட்டம் பெற்ற அவர் 1977ஆம் ஆண்டில் சிகாகோ நகருக்கு அருகில் ஒரு கடையில், சுமார் ஒரு வயதான சாம்பல் கிளியை வாங்கி அலெக்ஸ் என்று பெயரிட்டார். கிளியின் முன் இரண்டு பேர் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் ஒரு பொருளைக் காட்டி, "இது என்ன?" என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே பரிசாகக் கிடைக்கும். தவறாகச் சொன்னால் பொருள் மறைக்கப்படும். கிளி பார்த்துக்கொண்டே இருந்து, தானும் போட்டிக்கு வரும். இப்படியே அலெக்ஸ் ஏறக்குறைய ஐம்பது பொருள்களின் பெயர்களையும் ஏழு நிறங்களையும் ஐந்து வடிவங்களையும் ஆறு வரை எண்ணவும் கற்றது. இரண்டு பொருள்களைக் காட்டி, "எதில் வேறுபாடு?" என்று கேட்டால் நிறம் என்றோ வடிவம் என்றோ விடை கூறும். வேறுபாடு இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லும். 2007 செப்டம்பர் 6ஆம் நாள் தன் 31ஆம் வயதில் அலெக்ஸ் இறந்தது.

அந்த முறையை நாங்களும் செய்து பார்த்தோம். தம்பியும் நாங்களும் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக் கீரையைக் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டோம். மூன்றாம் வாரம் முத்து, "கீரை" என்றது. "தண்ணி" என்ற சொல்லையும் அவ்வாறே கற்றது. மழை பெய்தாலும் "தண்ணி" என்கிறது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் கரிசல் சீமையில் இந்தச் சொல்லை வானம் பார்த்துச் சொல்ல அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது வேறு கதை. ஆறு மாதம் சென்றபின் தம்பியின் சைக்கிள் மணி கேட்டால், "ஏலே, வந்துட்டியா?" என்று கேட்கலாயிற்று. குரல் அத்தையுடையது, "ஏலே" எங்கள் ஆச்சியுடையது. எதிரொலி என்றால் "ஏட்டி" என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

மனிதச் சொல்லைவிட அதன் உடல் சொல்வதையே முதலில் படிக்க வேண்டும். கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் அது கிளர்ச்சியில் இருக்கிறது. கை நீட்டக் கூடாது. கழுத்தைக் குனிந்து இறகைச் சிலிர்த்துக் காட்டினால் தலையைக் கோதச் சொல்கிறது. நாள் முழுவதும் இறகை உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் நோய். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கலாகாது, பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும் இயல்புடையவை.

சூரியகாந்தி விதை மட்டும் போட்டால் கிளிக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கொழுப்பு மிகுதி. சுண்ணாம்புச் சத்தும் ஏ வைட்டமினும் மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் சாம்பல் கிளிக்கு வலிப்பு வரும். ஆகவே முருங்கைக் கீரை, காரட், முளை கட்டிய பயறு, கொஞ்சம் கம்பு. சாக்லேட், அவகேடோ பழம் இரண்டும் நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இரும்புக் கல்தான். இறகிலிருந்து வெண்பொடி உதிர்ந்துகொண்டே இருப்பதால் ஆஸ்துமா உள்ள வீட்டில் இது ஆகாது. மழைக் காட்டுப் பறவைக்கு நம் சித்திரை வெயில் கொடுமை. காலையில் தெளிப்பானால் நீர் தெளித்தால் சிறகை விரித்து நிற்கும்.

இத்தனை அறிவுள்ள பறவைக்கு அதன் அறிவே பகையாயிற்று. பேசும் என்பதற்காகவே பிடித்தார்கள். கானா நாட்டில் 1992க்குப் பின் இதன் தொகை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது என 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறியது. காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளை நாடு விட்டு நாடு விற்பதற்கு சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஜனவரி முதல் தடை விதித்தது. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய பறவையை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். முத்து கூண்டில் பொரித்து, கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு. அதன் பதிவுத் தாள் அப்பாவின் பீரோவில் இருக்கிறது.

ஆச்சிக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. "அயலூர்க் கிளியை வளர்க்கலாம், நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்த்தால் குற்றமா? இது என்ன நியாயம்?" என்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமேதான். மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு இருப்பதைப் பார்த்து ஏறி எடுத்துவருவது நம் பக்கம் சிறுவர்களுக்கு இன்னும் வீர விளையாட்டாகவே இருக்கிறது. அந்தக் குஞ்சுக்கு வெளியே கூட்டம் இருக்கிறது, பனை இருக்கிறது, காடு இருக்கிறது. முத்துவுக்கோ திறந்துவிட்டால் போக இடமில்லை. கடம்பூர் வெயிலில், தன் இனத்தான் ஒருவரும் இல்லாமல் அது பல நாள் பிழைக்காது. இதற்காகத்தான் வைத்திருக்கிறோமே தவிர, சாம்பல் கிளி ஒன்றை ஆசைப்பட்டு வாங்குங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம். கேட்ட தோழியர் சிலருக்கு எங்கள் மீது கோபம்கூட.

முத்துவுக்கு இப்போது வயது ஒன்பது. நல்ல கவனிப்பில் இவ்வினம் 40 முதல் 60 ஆண்டுகள் வாழும். அடுத்த ஆண்டுகளில் நாங்களும் மேற்படிப்புக்கு வெளியூர் போவோம். மீண்டும் ஒரு மாலை ஐந்து மணி அதற்கு வரக் கூடாது என்பதற்காக, ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் ஆச்சியும் இப்போதே தினம் அரை மணி நேரம் தனித்தனியே அதனிடம் உட்காருகிறார்கள். மார்பில் இறகு பெரும்பாலும் முளைத்துவிட்டது. அதன் உணவு, தூங்கும் நேரம், மருத்துவர் முகவரி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில், தமக்குப் பின் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் யார் என்று அப்பா மூன்று பேரை வரிசையாகக் குறித்திருக்கிறார். மூன்றாவது மதினி. அவளிடம் கேட்ட பிறகே எழுதினார்.