பாங்காக்கில் மரக்கறி உணவு

புத்தர் பெருமானை வழிபடும் தேசமாயிற்றே, அங்கே மரக்கறி உணவுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று எண்ணிக்கொண்டு பாங்காக்குக்கு விமானம் ஏறும் தமிழர்கள் இன்றும் அநேகர் இருக்கிறார்கள். உத்தியோக மாற்றலில் அந்நகரத்துக்குப் புறப்பட்டபோது எனக்கும் உற்றார் உறவினர் யாவரும் இதைச் சொல்லித்தான் தைரியம் ஊட்டினார்கள். அந்த எண்ணத்தை முதற்காரியமாக மனத்திலிருந்து களைந்துவிட வேண்டும். தாய்லாந்தில் வழங்குவது தேரவாத பௌத்தம். தனக்கென்று ஓர் உயிர் கொல்லப்பட்டதைக் கண்ணால் காணாமலும், காதால் கேளாமலும், அப்படி இருக்குமோ என்று சந்தேகிக்க இடமில்லாமலும் இருக்குமாயின், பிச்சையாக வந்த மாமிசத்தைப் பிக்ஷு உண்ணலாம் என்பது அச்சமயத்தின் விநய விதி. விடியற்காலையில் காவியுடுத்து வீதியில் வரும் பிக்ஷுக்களின் பாத்திரத்தில், வீட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றி நின்று, சோற்றோடு பொரித்த மீனையும் பன்றிக்கறியையும் பக்தி சிரத்தையோடு இடுவதை நான் எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். அது அவர்களுடைய தர்மம். அதில் குறை காண எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் அந்தத் தர்மத்தை நம்முடைய தர்மமென்று மயங்கி அங்கே போகிறவர் பட்டினி கிடக்க நேரும், அல்லது அறியாமலே விரதம் கெட நேரும். இரண்டில் முன்னது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் புலால் மறுத்தது குலாசாரத்தால் வந்ததன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் பாட்டனார் வாலிபத்தில் மீனும் ஆடும் உண்டு வளர்ந்தவர். வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் வடலூரில் நிறுவி, இன்றளவும் அடுப்பு அணையாமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டு வரும் சத்திய தருமச்சாலைக்குப் போய் வந்தவர், அங்கே கேட்ட ஜீவகாருண்யத்தைத் தம் வீட்டுச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார். தெரிந்து செய்துகொண்ட சங்கற்பம் அது. ஆகையினாலேயே, "வெளிநாடு போனால் எல்லாம் பழகிவிடும்" என்று என் காதுபடச் சொன்ன உறவினர் சிலருக்கு, பழகாமலேயே ஊர் திரும்பினேன் என்பதை இந்தக் கட்டுரையின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டுச் சமையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோறு வடிக்க ஒரு மின்சாரக் குக்கர், ஊரிலிருந்து பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும், பருப்புக்கும் புளிக்கும் இந்திய வணிகர் நிறைந்த பாஹுரத் கடைவீதி. இவ்வளவு இருந்தால் காலையும் இரவும் கவலையின்றிக் கழியும். சங்கடமெல்லாம் மத்தியான போஜனத்தில்தான். அந்நகரத்து வழக்கப்படி காரியாலயத்தில் உள்ள அத்தனை பேரும் நண்பகலில் இறங்கித் தெருவோரக் கடைகளில் கூட்டமாக அமர்ந்து உண்பார்கள்; டப்பாவைத் திறந்துகொண்டு தனியே மேஜையில் இருப்பவனை அவர்கள் கர்வி என்று எண்ணுவதில்லை, நோயாளி என்று எண்ணி இரக்கப்படுவார்கள்.

அவ்வாறு இரக்கப்பட்டவர்களில் ஒருவர் தமிழர். எனக்குப் பல ஆண்டு முன்னதாகவே அங்கு வந்து குடியேறி, அந்நாட்டு மொழியைத் தாய்மொழிபோல் பேசக் கற்றவர். அவரிடம் என் விரதத்தை விளக்கமாகச் சொன்னேன். "அதுக்கென்னங்க, நான் பாத்துக்கறேன்" என்று கூறி, காரியாலயத்துக்குப் பின்சந்தில் இருந்த ஒரு நூடுல்ஸ் கடைக்கு என்னை அழைத்துப்போய், கடைக்கார அம்மையாரிடம் ஏதோ சொல்லி, எனக்கென்று ஒரு கிண்ணம் ஏற்பாடு செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் மாமிச உருண்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றையும் தொடாமல், கம்பி வலைக் கரண்டியில் அரிசி நூடுல்ஸையும் பயற்று முளையையும் வள்ளைக்கீரையையும் இட்டுக் கொதிநீரில் முக்கியெடுத்து, பொரித்த டோஃபு நான்கு துண்டு மேலே வைத்து, ஆவி பறக்கும் குழம்பு நீரை ஓர் அகப்பை ஊற்றி அந்த அம்மையார் புன்னகையோடு தந்தார். "இதில் மாமிசம் உண்டா?" என்று கேட்டேன். "வெறும் காய்தாங்க, நீங்களே பாருங்க" என்றார் நண்பர். பார்த்தேன்; காய்தான் இருந்தது. அன்று தொடங்கி மாதக்கணக்கில் அந்தக் கடையே என் மத்தியானமாயிற்று.

ஒருநாள் வேலை நிமித்தம் காலையில் சீக்கிரமே அந்தச் சந்து வழியாகப் போக நேர்ந்தது. கடை அப்போதுதான் திறந்திருந்தது. அம்மையார் பெரிய எஃகுப் பானையின் மூடியைத் திறந்து, இரவெல்லாம் வெந்து வெளுத்துப்போன பன்றியின் முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக வலைக் கரண்டியால் எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். எலும்புகளோடு முள்ளங்கித் துண்டுகளும் கொத்தமல்லி வேர்களும் வந்தன. பிறகு பழுப்பு நிறத் திரவம் கொண்ட உயரமான சீசாவைக் கவிழ்த்து அதே பானையில் ஊற்றினார். என்னைக் கண்டதும் வழக்கமான புன்னகையோடு என் கிண்ணத்தை எடுத்து வைத்தார். அந்த க்ஷணத்தில் எனக்கு உண்டான வேதனையை எழுத்தில் சொல்ல இயலாது. அன்று முழுதும் ஆகாரம் செல்லவில்லை. பாட்டனாரின் முகமே கண்முன் நின்றது.

நண்பரிடம் போய்க் கேட்டேன். அவர் சிறிதும் கலங்கவில்லை. "நீங்க வேறங்க! எலும்புத் தண்ணிதானே, கறியா மிதக்குது? இந்த ஊர்ல இதெல்லாம் பாத்தா வாழ முடியுமா?" என்றார். முதல் நாளிலேயே அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பானை விஷயத்தை நீயல்லவா தீர விசாரித்திருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மொழி அறியாதவன் மொழி அறிந்தவனை, அதிலும் தன்னுடைய மொழியே பேசும் ஒருவனை, வாய் திறந்து கேட்டு, அவன் சொன்னதை நம்பினான். அந்நிய தேசத்தில் அதற்குமேல் அவன் செய்யக்கூடியது வேறில்லை. கேட்டவனுக்கு உண்மையை மறைத்தவரிடத்திலேதான் குற்றம் முழுவதும் இருக்கிறது. அந்த அம்மையார்மீது எனக்கு எள்ளளவும் மனஸ்தாபம் இல்லை. கறித்துண்டு வேண்டாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது, அவரும் கறித்துண்டு போடவில்லை.

அந்தச் சீசாவைப் பற்றி அதன் பிறகே நன்றாகத் தெரிந்துகொண்டேன். நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்போடு கலந்து, ஓராண்டு அளவும் தொட்டியில் ஊற விட்டு வடித்தெடுக்கும் 'நாம் ப்ளா' என்னும் மீன்சாறு அது. நாம் உப்பை எப்படி நினைக்கிறோமோ அப்படியே அந்நாட்டார் அதை நினைக்கிறார்கள். ஆகவே, மாமிசம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றே மனதாரப் பதில் சொல்வார்கள். கறிக்கு அரைக்கும் மசாலாவில் 'கபி' என்னும் இறால் விழுது சேரும். வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு விழும். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் 'ஸோம் தாம்' பார்வைக்குக் காய்கறியாகவே தோன்றினும் அதில் உலர்ந்த இறாலும் மீன்சாறும் இருக்கும். மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் இனிப்புச் சோறு ஒன்றைத்தான் தெருக்கடையில் நான் அச்சமின்றி உண்டேன்.

இந்தத் தொல்லையிலிருந்து என்னை மீட்டவர் எங்கள் பிரிவின் தலைவியான தாய்லாந்து மாது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அவர் சீன வம்சாவளியினர். நான் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்துக் காரணம் கேட்டு, விஷயத்தை அறிந்ததும், "கின் ஜே என்று நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். 'ஜே' என்பது அங்கு வாழும் சீனர்களிடையே தோன்றி நாடெங்கும் பரவிய விரத உணவு. மாமிசம், மீன், முட்டை, பால், மீன்சாறு ஆகிய எவையும் அதில் கிடையா. பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் இந்த விரத விழா நடைபெறும். அப்போது ஆயிரக்கணக்கான கடைகளில் சிவப்பு எழுத்துப் பொறித்த மஞ்சள் கொடி பறக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் இது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருவதால், ஸீலோம் வீதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்து மக்கள் தேங்காயும் சாமந்தி மாலையுமாக வரிசையில் நிற்க, வெளியே தெருவெங்கும் மஞ்சள் கொடிகள் அசையும் அந்த நாட்களைப்போல் மனநிறைவோடு நான் அந்நகரத்தில் வேறெந்த நாளும் உண்டதில்லை.

விழா முடிந்த பின்னும் வருஷம் முழுதும் ஜே கடைகள் உண்டு. கொடி கட்டிய கடையில் ஒன்றும் கேட்க வேண்டாம், காட்டி வாங்கி உண்ணலாம். கோதுமைப் பசையாலும் சோயாவாலும் வாத்துக்கறிபோலவும் மீன்போலவும் தோலும் செதிலும் தோன்றச் செய்து வைத்திருப்பார்கள். அவற்றை நான் தொடுவதில்லை. வேண்டாமென்று விட்ட ஒன்றின் உருவத்தைப் பல்லிடையே வைத்துக்கொள்ள என் மனம் இசையவில்லை. டோஃபுவும் காளானும் கீரையும் உள்ள தட்டுக்களே போதும்.

1985 முதல் 1992 வரையில் பாங்காக் நகரத்தின் ஆளுநராக இருந்த சாம்லோங் ஸ்ரீமுவாங், சாந்தி அசோக் என்னும் பௌத்தப் பிரிவைச் சார்ந்தவர், புலால் உண்ணாதவர். சத்துசாக் சந்தைக்கு அருகே அந்தப் பிரிவினர் நடத்தும் மரக்கறி உணவகத்துக்கு ஞாயிறுதோறும் போவது என் வழக்கமாயிற்று. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால் பழுப்பரிசிச் சோறும் இரண்டு கறியும் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். பிற்பகலுக்குள் பாத்திரங்கள் காலியாகிவிடும், ஆதலால் முற்பகலிலேயே போக வேண்டும். பாஹுரத்தில் உள்ள சீக்கியர் குருத்வாராவில் எந்த மதத்தினரும் அமர்ந்து உண்ணலாம். ரொட்டியும் பருப்பும் அங்கே எனக்கு வயிற்றைவிட மனத்துக்கு அதிகம் நிறைந்தன. இவை கிடைக்கும்போது, சைவமும் அசைவமும் ஒரே அடுப்பில் செய்யும் இந்திய உணவகங்களை நாடிப் போக வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டவுடன் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் நம்மவர்கள். கோழி பொரித்த எண்ணெயிலேயே பஜ்ஜியும் பொரிவதை அடுக்களை வாசலில் நின்று பார்த்தவன் நான்.

விருந்துக்கு அழைப்பு வந்தால், முதல்நாளே, "கின் ஜே, மை ஸாய் நாம் ப்ளா" என்று சொல்லிவிடுங்கள். ஜே உண்பவன், மீன்சாறு வேண்டாம் என்பது அதன் பொருள். இதைக் கேட்டு முகம் சுளித்த தாய்லாந்துக்காரர் ஒருவரையும் நான் காணவில்லை. அவர்களுக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியும். எத்தனை நாளைக்கு விரதம் என்று வேண்டுமானால் கேட்பார்கள். ஆயுள் முழுதும் என்று சொன்னால் கைகூப்புவார்கள். ஏளனம் செய்தவர்களெல்லாம் நம்மவர்களே.

அந்த நகரத்தில் வேரூன்றி வாழும் தமிழ்ச் சகோதரர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர் எவரேனும் உங்களை நம்பி இது என்ன உணவு என்று கேட்டால், பானையில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லிவிடுங்கள். உண்பதும் உண்ணாமல் எழுந்து போவதும் அவருடைய விருப்பம்.