மழைச் சேதமும் ஆங்கிலக் கடிதமும்

புயலும் வெள்ளமும் ஓய்ந்தபின், வாடிக்கையாளர் பலர் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத நேர்கிறது. என்று நிகழ்ந்தது, எதனால் நிகழ்ந்தது, இப்போதைய நிலை என்ன என்னும் மூன்று வினாக்களுக்கு அக்கடிதம் ஐயமின்றி விடை கூற வேண்டும். அதற்கு உதவும் நான்கு இலக்கணக் குறிப்புகளைக் காண்போம்.

1. எழுவாய்: தமிழில் 'மழை பெய்தது' என்கிறோம், மழையே எழுவாய். ஆங்கிலத்தில் 'இட் ரெயின்ட்' என்பதே வழக்கு. இங்கு 'இட்' எப்பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாயின் இடத்தை நிரப்புகிறது. 'ரெயின் கேம்' என்று எழுதுவது தமிழ்த் தொடரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பே.

2. அடை: பெயருக்கு முன் 'ஹெவி' வரும்: 'ஹெவி ரெயின்'. வினையைச் சார்ந்து 'ஹெவிலி' வரும்: 'இட் ரெயின்ட் ஹெவிலி'. இச்சொல்லுக்கு அளவும் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை 'ஹெவி' என்கிறது, 204.4 மி.மீ. வரை 'வெரி ஹெவி'. அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. 2005 ஜூலை 26-27இல் மும்பை சாந்தாகுரூசில் பதிவான 944 மி.மீ. இக்கடைசி வகையைச் சேரும். எனவே, அளவு தெரியாதபோது 'ஹெவிலி' என்பதோடு நிறுத்துவது நன்று.

3. காலம்: 'சுவர் இடிந்தது', 'சுவர் இடிந்துள்ளது' என்னும் வேறுபாடு ஆங்கிலத்திலும் உண்டு. நாள் குறித்துச் சொன்னால் இறந்தகாலம்: 'தி வால் கொலாப்ஸ்ட் ஆன் மண்டே'. நாள் குறியாது, இன்றும் நீடிக்கும் நிலையைச் சொன்னால் 'ஹாஸ்': 'தி வால் ஹாஸ் கொலாப்ஸ்ட்'. 'ஹாஸ்' வரும் தொடரில் கடந்த நாளைச் சேர்த்தல் பிழை.

4. ஒருமை: சேதம் எத்தனை இடத்தில் நேர்ந்தாலும் 'டேமேஜ்' என்றே எழுதுக. 'டேமேஜஸ்' என்பது சட்ட வழக்கில் நீதிமன்றம் வழங்கும் இழப்பீட்டைக் குறிக்கும்.

இனி ஒரு மாதிரி: 'இட் ரெயின்ட் ஹெவிலி ஆன் டிசம்பர் 4. ஃப்ளட் வாட்டர் என்டர்ட் தி ஷாப் ஃப்ரம் தி ஸ்ட்ரீட். இட் ஹாஸ் டேமேஜ்ட் தி ஸ்டாக்.' முதல் தொடர் நாளையும், இரண்டாவது காரணத்தையும், மூன்றாவது இன்றைய நிலையையும் தெரிவிக்கின்றன. தெருவெள்ளம் புகுந்ததா, பழுதான குழாய் கசிந்ததா என்பதைப் பொறுத்து உரிமைக்கோரிக்கையின் முடிவு மாறக்கூடும். ஆதலால் இரண்டாம் தொடரை ஒருபோதும் விட்டுவிடலாகாது.

கடிதத்தைக் காலந்தாழ்த்தாது அனுப்புக. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றால் தனி வயலில் நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும்.