கனவிலும் ஓடும் பேட்லாக்

பனியன் கம்பெனியில் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பாட்டம் மடிப்பு அடித்தவள் நான். வலது தோளில் தொடங்கிய வலி கழுத்துக்கு ஏறி, முழங்கை வழியாக விரல் வரை இறங்கியது. பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். பீஸ் ரேட்டில் ஓட்டுகிறவளுக்கு முன்னால் கட்டுக் கட்டாக வந்து விழும் துணி, வலியை நினைக்க நேரம் கொடுக்காது. இரவில்தான் அது முழுசாக வந்தது. கனவாகவும் வந்தது.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். மிதியில் என் கால் இல்லை, மிஷின் மட்டும் ஓடுகிறது. சாயப்பட்டறையிலிருந்து பிழியாமல் வந்தது போலத் துணி ஈரமாக, கனமாக இருக்கிறது. இழுக்க இழுக்க மடிப்பு முடிவதே இல்லை. துணியோடு என் கையும் ஊசிக்கு அடியில் போகிறது. ஊசி தோளில் இறங்குகிறது. தையல் கோணாமல் விழுகிறதா என்றுதான் கனவில்கூடப் பார்க்கிறேன். கத்துகிறேன், லைனில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழித்தால் வலது கை உடம்புக்கு அடியில் சிக்கி மரத்துக் கிடக்கும், தோள்மூட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

மாமியார் பயந்துவிட்டார். "அம்மிணி, இது நல்ல கனவில்ல. தலமாட்டுல இரும்பு வெச்சுப் படு. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிக் கயிறு கட்டிக்கலாம்" என்றார். அக்கறையில் சொன்னது, கட்டிக்கொண்டேன். மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. கை மட்டும் மரத்துக்கொண்டேதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோதுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அயர்ன் மாஸ்டருக்குக் கெண்டைக்கால் இழுக்கும். அவருக்குக் கனவில் யாரோ காலைப் பிடித்துக் கிணற்றுக்குள் இழுக்கிறார்கள். குனிந்தே பிசிர் வெட்டும் அக்காவுக்கு இடுப்பு வலி. அவர் கனவில் நிறைமாதமாக, தலையில் தண்ணீர்க் குடத்தோடு மேடேறிக்கொண்டிருக்கிறார். எங்கே வலிக்கிறதோ அங்கேதான் கனவும் பிடித்துக்கொள்கிறது.

இது எங்கள் கற்பனை இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் டோர் நீல்சன் என்ற கனவு ஆராய்ச்சியாளரும் அவரோடு இருந்தவர்களும் 1993-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தூங்குகிறவர்களின் காலில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி, கனவு காணும் நேரத்தில் அதை இறுக்கினார்கள். எழுப்பிக் கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனவுகளில் வலி புகுந்திருந்தது. வலியே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி. வருடம் முழுக்க வலியோடு படுக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டுமா? உடம்பு அனுப்பும் சேதியை மூளை தன் கையில் இருக்கும் காட்சிகளை வைத்துக் கதையாக்கிவிடுகிறது. என் மூளையில் ஊசியும் நூலும்தான் இருந்தன, அதனால் ஊசியும் நூலும் வந்தன. இது தெரிந்த அன்றே பயம் பாதி விட்டுப்போனது. வரப்போகும் கேட்டைச் சொல்ல வந்த கனவு அல்ல அது. கையை மாற்றிப் போட்டுப் படு என்று உடம்பு சொன்னது.

விடிகாலை மூணு, நாலு மணிக்கே இந்தக் கனவுகள் ஏன் வருகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தூக்கத்தில் அவ்வப்போது மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் கட்டம் ஒன்று வருகிறது, அப்போது எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு சொல்கிறார்கள். ரெம் தூக்கம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை இந்தக் கட்டம் வந்து போகும். முன்னிரவில் சில நிமிடம்தான் நிற்கும், விடியல் நெருங்க நெருங்க நீளும். சாதாரணமாகத் தூங்குகிறவர் கனவைத் தாண்டி அப்படியே போய்விடுவார், காலையில் நினைவிருக்காது. வலி உள்ளவரை அது நடுக் கனவில் தட்டி எழுப்பிவிடுகிறது. அறுந்த இடத்தில் கனவு அப்படியே கையில் நிற்கிறது. வலிக்காரர்களுக்குக் கனவு அதிகம் என்று தோன்றுவதற்கு, பாதியில் விழிப்பதும் ஒரு பெரிய காரணம்.

நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வது இதற்கு அடுத்த விஷயத்தை. வலி தூக்கத்தைக் கெடுப்பது எல்லோருக்கும் தெரியும். கெட்ட தூக்கம் வலியை வளர்ப்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டொராண்டோவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1970-களில், நல்ல உடம்புக்காரர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சத்தம் எழுப்பிக் குலைத்துப் பார்த்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலி வந்தது, தசையைத் தொட்டாலே நொந்தது. 2019-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆடம் கிராஸ், மேத்யூ வாக்கர் குழு இன்னொன்றைக் காட்டியது. ஒரு ராத்திரி தூங்காதவர்களுக்குக் காலில் வைக்கும் சூடு, முன்பு உறைக்காத அளவிலேயே வலித்தது. மூளையில் வலியை உணரும் பகுதி கூடுதலாக வேலை செய்தது, வலியைத் தணிக்க உதவும் பகுதிகள் சோர்ந்து கிடந்தன.

ஷிப்மெண்ட் வாரத்தில் நாங்கள் கண்ணால் பார்ப்பதே இது. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வீட்டுக்குப் போனவள் மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். நடுராத்திரி வரை ஓட்டியவள் மறுநாள் கையையே தூக்க மாட்டாள். வேலை கூடியதால் மட்டும் வந்த வலி இல்லை அது, தூக்கம் குறைந்ததால் வந்ததும் அதில் உண்டு. அதனால் முதலில் இரவைச் சரிசெய்யப் பார்த்தேன். தோள் அதற்குப் பின்னால் மெல்ல வழிக்கு வந்தது.

இரவைச் சரிசெய்வது என்றால் அறையை இருட்டாக்கு, அமைதியாக வை, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் பயன்படுத்து என்று எழுதியிருப்பார்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் டிவி, படிப்பு, சமையல், ஐந்து பேர் தூக்கம் எல்லாம் நடக்கிறது. அங்கே இந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் வீட்டில் முடிந்ததைச் சொல்கிறேன்.

கட்டிங் வேஸ்ட்டில் மிருதுவான பனியன் துணியாகப் பார்த்து எடுத்து, பழைய தலையணை உறைக்குள் திணித்து, முழங்கை நீளத்துக்கு உருளையாக ஒன்று செய்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை அந்த உருளையைக் கட்டிக்கொண்டது போல அதன் மேல் வைப்பேன். தோள் முன்னால் தொங்காது, கை அடியில் சிக்காது. இறுக்கமாகத் திணித்தால் கல் மாதிரி ஆகிவிடும், அமுக்கினால் பாதி இறங்கும் அளவுக்குப் போதும். இடுப்பு வலி உள்ளவர்கள் அதையே இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைக்கலாம். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வைக்கலாம். காசு செலவில்லாத இந்த ஒன்று, நான் வாங்கிப் பூசிய எல்லாத் தைலத்தையும்விட அதிகம் உதவியது.

ஓவர்டைமுக்குக் கொடுக்கும் சாயங்கால டீயை விட்டேன். குடித்து ஐந்து, ஆறு மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் பாதி உடம்பில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் போலவே எழுகிறேன். வாரம் பூராவும் விட்ட தூக்கத்தை ஞாயிறு மதியம் வரை பிடித்தால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை வலியோடு தொடங்கும். நடுவில் விழிப்பு வந்து இருபது நிமிடம்போல ஆகியும் கண் அசரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடப்பதில்லை. எழுந்து வாசல்படியில் உட்கார்ந்து, போனை எடுக்காமல், கண் கனக்கும்போது உள்ளே போகிறேன். படுக்கும் முன் உப்பு ஒத்தடம். தோல் சிவக்காத சூடு போதும். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் காலுக்கு ஒத்தடம் வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

கனவுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவர், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களிடம் சோதித்து 2001-ல் வெளியிட்ட முறை அது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவைப் பகலில், விழித்திருக்கும்போது எடுத்துக்கொண்டு, பிடித்த மாதிரி மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் தேறியது. என் கனவை நான் இப்படி மாற்றினேன்: துணி காய்ந்திருக்கிறது, லேசாக இருக்கிறது. மடிப்பு கடைசி பீஸுக்கு வருகிறது. நூலை வெட்டுகிறேன், மோட்டார் சுவிட்சை அணைக்கிறேன், கட்டைக் கட்டி அடுத்த டேபிளுக்குத் தள்ளுகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை ஓட்டிப் பார்ப்பேன். பழைய கனவு அடியோடு போகவில்லை, ஆனால் எப்போதாவதுதான் வருகிறது. வந்தாலும் ஊசி தோள் வரை வருவதில்லை. பெரிய துயரம் அடிமனதில் இருந்து கனவாக வருகிறவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்வது நல்லது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வலிக்குது என்றால் பேர் தெரியாத மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019-ல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு வேலையிடத்திலேயே பேரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்தார்கள் என்பதுதான் செய்தி. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். நரம்பு வலிக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் கனவுக் கட்டத்தைக் குறைக்கக்கூடியது. அதைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த கனவெல்லாம் ஒரேயடியாகக் கொட்டலாம். பிரஷருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் ப்ராப்ரனோலால் சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவு மாறினால் நாமாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் இடத்தை மட்டும் காட்டாதீர்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எந்தப் பக்கம் படுத்தால் கூடுகிறது, கனவில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் கழுத்தெலும்பைப் பார்த்தார்கள், பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்த இரவு வலி, கால் பலம் இழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கத்தில் கனவுக்கேற்ப எழுந்து அடிப்பது, உதைப்பது, குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வருவது, இவையும் சொல்ல வேண்டியவை.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது உரிமை, நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆறு மாதத்தில் 78 நாள் பங்கு கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பவர் டேபிள் எனும் சிறு தையல் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் பலருக்கு இந்தப் பாதுகாப்பே இல்லை. அவர்கள் தோளும் இதே தோள்தான் என்பது என்னை உறுத்துகிறது. அவர்களும் வீட்டில் படுத்திருக்கும் முதியவர்களும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் கேட்பதும் உண்டு. நின்று வேலை செய்கிறவர் இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. செக்கிங் டேபிளுக்கும் அயர்ன் டேபிளுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். மிஷினுக்கு முதுகு சாயும் நாற்காலி கொடுங்கள். ராத்திரி பன்னிரண்டு வரை ஓட்டியவர்களை மறுநாள் காலை எட்டரைக்கே வரச் சொல்லாமல், பத்தரைக்கு வரச் சொல்லுங்கள்.