ஆட்டக்காரர் கைநழுவும் முன்னே... எக்செல்லில் ஒரு கணக்கு

காரைக்காலில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என் அக்கா வீடு. அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். அவனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த ஆறே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. "மாமா, என் ஷார்ட்ஸ்டாப் போயிட்டான்!" அழாத குறை. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டர் பாகம் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். பையன் இன்டர்நெட்டில் பேஸ்பால் விளையாடுகிறான். மட்டையைச் சுழற்றும் விளையாட்டு அல்ல. அணியை நடத்தும் விளையாட்டு. 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்று பெயர். நீங்கள்தான் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை விடுவது, எவ்வளவு சம்பளம் தருவது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். ஆன்லைன் லீக் என்றால் ஒவ்வொரு அணிக்கும் எங்கோ ஒரு ஊரில் ஒரு மேனேஜர் இருப்பார். லீக் ஃபைலை டவுன்லோடு செய்து, மாற்றங்களைச் செய்து, உங்கள் அணியின் ஃபைலைத் திருப்பி அனுப்ப வேண்டும். குறித்த நேரத்தில் கமிஷனர் தன் கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலையும் சேர்த்து ஆட்டத்தை ஓட்டுவார். உங்கள் ஃபைல் வரவில்லையா? நீங்கள் நினைத்தது எதுவும் நடக்காது.

இதில் பெரிய தலைவலி, ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர்கள். 1975 வரை அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரரைக் கிளப் விரும்பும் வரை பிடித்து வைக்க முடிந்தது. அந்த வருடம் டிசம்பர் 23 அன்று பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு வந்த ஏற்பாட்டின்படி, ஆறு வருட சர்வீஸ் முடித்தவர் ஒப்பந்தம் தீர்ந்ததும் சுதந்திர ஆட்டக்காரர். எந்த அணிக்கும் போகலாம். விளையாட்டிலும் இதே விதிதான். ஆகவே ஒப்பந்தம் தீர்வதற்கு முன்பே புது ஒப்பந்தம் பேசிவிட வேண்டும். சந்தைக்குப் போய்விட்டால் விலை நம் கையில் இல்லை.

பேஸ்பால் புரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஐ.பி.எல். ஏலத்துக்கு முன் 'யாரைத் தக்க வைக்கிறார்கள்' என்று பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே கதைதான். பாடத்தையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். ஏ1 கட்டத்தில் 'பெயர்', பி1-இல் 'கோடி' என்று தலைப்பு இடுங்கள். 2024 அக்டோபர் 31 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் தக்க வைத்த ஐந்து பேரையும் வரிசையாக அடியுங்கள்: ருதுராஜ் கெய்க்வாட் 18, ஜடேஜா 18, பதிரனா 13, சிவம் துபே 12, தோனி 4. (தோனிக்கு ஏன் 4 என்கிறீர்களா? ஐந்து வருடமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை 'சர்வதேச ஆட்டம் ஆடாதவர்' கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி. அவருடைய கடைசி ஆட்டம் 2019 ஜூலையில்.)

இப்போது பி7 கட்டத்தைக் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். 65 வரும். அந்த வருடம் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி. பி8-இல் சமக்குறி போட்டு, 120 அடித்து, கழித்தல் குறி போட்டு, பி7-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 55. இவ்வளவு பணத்தோடுதான் சென்னை ஜெட்டா ஏலத்துக்குப் போனது. துபேயின் 12-ஐ அழித்துப் பாருங்கள். 55 தானாக 67 ஆகிவிடும். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும். கால்குலேட்டரால் இது முடியாது.

கொல்கத்தா கணக்கு இன்னும் சுவையானது. ரிங்கு சிங் 13; வருண் சக்கரவர்த்தி, நரைன், ரஸ்ஸல் ஆளுக்கு 12. கூட்டினால் 49. (2008-இல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்தவரும் ஒரு ரிங்கு சிங்தான். அவர் வேறு, இவர் வேறு.) ஆனால் நான்கு சர்வதேச வீரர்களைத் தக்க வைத்தால் 18, 14, 11, 18 என மொத்தம் 61 கோடி கழிப்பார்கள், அதைவிட அதிகம் கொடுத்திருந்தால் கொடுத்த தொகையைக் கழிப்பார்கள். அதாவது இரண்டில் எது பெரியதோ அது. இதற்கு எக்செல்லில் மேக்ஸ் என்ற பங்ஷன் இருக்கிறது. ஒரு காலிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் எம், ஏ, எக்ஸ் எழுத்துகளை அடித்து, அடைப்புக் குறிக்குள் 49, 61 இரண்டையும் நடுவே கமா போட்டுக் கொடுங்கள். 61 வரும். சர்வதேச ஆட்டக் கணக்கில் வராத இருவருக்கு 8 சேர்த்தால் 69. கையில் 51. கொடுத்ததோ 57 கோடிதான். 12 கோடி காற்றோடு போயிற்று!

ஆறு பேர்தான் என்ற வரம்பு நிரம்பிவிட்டதால் கொல்கத்தா வெங்கடேஷ் ஐயரை விட்டது. அவரையே ஏலத்தில் 23.75 கோடிக்குத் திரும்ப எடுத்தது. ஐந்தாவது வீரராக வைத்திருந்தால் விதிப்படி 14 கோடிதான் கழிந்திருக்கும். 'அப்படியானால் எப்போதும் தக்க வைப்பதே நல்லது' என்று எழுதிவிடாதீர்கள். 2025 டிசம்பர் ஏலத்தில் அதே வெங்கடேஷ் ஐயர் பெங்களூருவுக்கு 7 கோடிக்குப் போனார். சென்னை விட்ட பதிரனாவோ அதே ஏலத்தில் 13-இலிருந்து 18 கோடிக்கு ஏறினார். சந்தை இரண்டு பக்கமும் அடிக்கும்.

இனி பையனின் அணி. புதிய ஷீட்டில் ஐந்து தலைப்புகள்: பெயர், வயது, கேட்கும் ஆண்டுகள், ஆண்டுச் சம்பளம், முடியும் வயது. அவனுக்கு மூன்று பேரின் ஒப்பந்தம் அந்த சீசனோடு தீர்ந்தது. பிட்சருக்கு வயது 32. 5 ஆண்டு, வருடம் 2 கோடி டாலர் கேட்டார். ஷார்ட்ஸ்டாப்புக்கு 26, 6 ஆண்டு, 1.5 கோடி. கேட்சருக்கு 29, 3 ஆண்டு, 0.8 கோடி. (எல்லாம் விளையாட்டு டாலர்தான், பயப்படாதீர்கள்.) ஈ2 கட்டத்தில் சமக்குறி போட்டு பி2-ஐயும் சி2-ஐயும் கூட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். 37, 32, 32 என்று வரும்.

சம்பளத்தைக் கூட்டினால் 4.3 கோடி. அடுத்த வருடத்துக்கு அவனிடம் மிச்சம் இருந்ததோ 3 கோடி. மூவரையும் வைக்க முடியாது. பிட்சர்தான் அவனுக்குச் செல்லம், சாம்பியன் ஆக்கியவர். ஆனால் 37 வயது வரை வருடம் 2 கோடி என்று ஐந்தாவது பத்தி சொன்ன பிறகு மனசு மாறிவிட்டது. ஷார்ட்ஸ்டாப்பையும் கேட்சரையும் வைத்தால் 2.3 கோடி. இன்னும் 70 லட்சம் கையில் நிற்கும். விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் பேராசை, விசுவாசம் என்று குணங்களும் உண்டு. விசுவாசம் அதிகம் உள்ளவர் கொஞ்சம் குறைத்தும் சம்மதிப்பார். அதற்கு ஆறாவது பத்தி போட்டுக்கொள்ளலாம்.

பட்டியலை வயது வாரியாக வரிசைப்படுத்த விரும்பினால், ஒரு எச்சரிக்கை. வயது பத்தியை மட்டும் தேர்வு செய்து சார்ட் கொடுக்காதீர்கள். வயது மட்டும் இடம் மாறி, பிட்சரின் வயது கேட்சருக்கு ஒட்டிக்கொள்ளும். முழுப் பட்டியலையும் தேர்வு செய்த பிறகே சார்ட்.

இவ்வளவு சரியாகச் செய்தவன் எங்கே கோட்டை விட்டான்? கடிகாரத்தில். 'நவம்பர் 11, 12 ஏ.எம்., கிழக்கு அமெரிக்க நேரம்' என்று கெடு. பையன் அதைப் பதினொன்றாம் தேதி ராத்திரி என்று எடுத்துக்கொண்டான். 12 ஏ.எம். என்பது அந்தத் தேதி தொடங்கும் நள்ளிரவு. நமக்கு அது பதினொன்றாம் தேதி காலை 10.30. அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். சாயங்காலம் வந்து ஃபைலை அனுப்பியபோது கமிஷனர் ஆட்டத்தை ஓட்டி முடித்திருந்தார். ஷார்ட்ஸ்டாப் சந்தையில். 2.2 கோடி கொடுத்து வேறொரு அணி கொத்திக்கொண்டு போயிற்று.

காரைக்கால்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரான்சில் இருக்கும் உறவுக்காரருக்குப் போன் போடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி கழிக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அப்படியே. கிழக்குக் கரைக்கு நாம் குளிர்காலத்தில் பத்தரை மணி முன்னே, கோடையில் ஒன்பதரை மணி முன்னே. விண்டோஸில் நேரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து தேதி, நேர அமைப்புக்குப் போங்கள். கூடுதல் கடிகாரம் சேர்க்கும் வசதி இருக்கும். அதில் 'ஈஸ்டர்ன் டைம்' என்பதைத் தேர்வு செய்து ஓ.கே. கொடுங்கள். இனி நேரத்தின் மேல் கிளிக் செய்தால் இரண்டு கடிகாரமும் தெரியும். கோடை, குளிர் மாற்றத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. மேலே சொன்னது அந்த வகை அல்ல. விளையாட்டு சாஃப்ட்வேரை விலைக்கு வாங்குகிறோம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போன பிறகு 'பணம் கட்டினால் பரிசுப் பணம்' என்று யாராவது கேட்டால் உடனே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

பையனின் ஷீட்டில் இப்போது ஏழாவது பத்தி ஒன்று இருக்கிறது: 'கெடு, நம்ம ஊர் நேரம்'. கேட்சரும் அன்றைக்கே போய்விட்டார் என்பதை என்னிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னான்.